மியூவானுக்கு ‘இப்போது’ எது?

நான் படித்தது வணிகவியல், பார்ப்பது கணக்குத் தணிக்கை வேலை. இயற்பியல் எனக்குப் பாடமாக இருந்தது பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கையில் எடுப்பது பெரும்பாலும் இயற்பியல் புத்தகமாகத்தான் இருக்கிறது. பல வருடப் பழக்கம். கருந்துளை, பெருவெடிப்பு, பல பிரபஞ்சங்கள் என்று நிறையப் படித்தாயிற்று. படிக்கும்போது பிரமிப்பாக இருக்கும். ஆனால் அவையெல்லாம் என்னிடமிருந்து வெகு தூரத்தில் இருப்பவை. நிறுத்தி வைத்து, ‘சரி, இது எப்படி?’ என்று கேட்க ஒரு பிடி கிடைக்காது. அந்தப் பிடி எனக்கு மியூவான் என்ற சின்னத் துகளில் கிடைத்தது. இப்போது என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்விகள் எல்லாமே அதிலிருந்து வந்தவை.

மியூவான் அரிய பொருள் ஒன்றும் இல்லை. விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை வளிமண்டலத்தின் மேல் பகுதியில் காற்றின் அணுக்கருக்களோடு மோதும்போது பையான் என்ற துகள்கள் தெறிக்கின்றன. பையான் சிதைந்து மியூவான் ஆகிறது. இது நடப்பது தரையிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து கிளம்பி வரும் மியூவான்கள் கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் இறங்குகின்றன. கையை நீட்டினால் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்றோ இரண்டோ போகும். ஓட்டுக் கூரையோ கான்கிரீட் தளமோ அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

1936இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆண்டர்சனும் செத் நெடர்மேயரும், துகள் போன பாதையைத் துளிக் கோடாகக் காட்டும் முகில் அறை என்ற கருவியில் பதிந்த தடங்களிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். மின்னூட்டம் எலெக்ட்ரானுக்கு உள்ளதேதான், நிறை மட்டும் 207 மடங்கு. ஓர் அணுவைக் கட்டுவதற்கு மியூவான் தேவையே இல்லை. இசிடர் ராபி என்ற இயற்பியலாளர் ‘இதை யார் ஆர்டர் செய்தது?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1970களில் டாவ் என்ற இன்னும் கனமான மூன்றாவது உடன்பிறப்பும் வந்து சேர்ந்தது. எலெக்ட்ரானுக்கு எதற்காக இப்படி இரண்டு கூடப்பிறந்தவர்கள் என்பதற்கு இன்றுவரை விடை கிடையாது. பெரிய கேள்விதான். ஆனால் அதற்குள் நுழைய எனக்கு வழி தெரியவில்லை, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

விடுவதற்கு முன் ஒன்று மட்டும். கல்கத்தாவில் தேபேந்திர மோகன் போஸும் விபா சௌதுரியும் 1940களின் தொடக்கத்தில் டார்ஜிலிங் மலைப் பகுதியில் புகைப்படத் தட்டுகளை வைத்து, காஸ்மிக் கதிர்களில் எலெக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்களைப் பிடித்தார்கள். நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். போர்க்காலம் என்பதால் இன்னும் தரமான தட்டுகள் இந்தியாவில் கிடைக்கவில்லை, வேலை அங்கேயே நின்றது. அதே புகைப்படத் தட்டு முறையை இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த செசில் பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார். விபா சௌதுரியின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி என் முதல் கேள்விக்கு வருகிறேன்.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சம் பங்கில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம். ஒளியே அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போகும். மியூவான் ஒளியை மிஞ்ச முடியாது. அப்படியானால் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது எப்படித் தரைக்கு வந்து சேர்கிறது? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோ வினாடி வேண்டும், அதாவது ஏறக்குறைய 23 ஆயுட்காலம். அந்தக் கணக்குப்படி சுமார் எழுநூறு கோடி மியூவான்களில் ஒன்றுதான் தரையைத் தொட வேண்டும். ஆனால் உள்ளங்கை வழியாக நொடிக்கொன்று போகிறது.

விடை சார்பியல் கோட்பாடு. வேகமாக ஓடும் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும். மியூவானின் ஆயுளை அளக்கும் கடிகாரம் மியூவானோடுதான் பயணம் செய்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த இளம் ஹோமி பாபா, இத்தகைய துகள்கள் சிதைவதாக இருந்தால் வேகமாகப் போகிறவை அதிக நேரம் உயிரோடு இருக்கும் என்றும், சார்பியலை நேரடியாகச் சோதிக்க அதுவே வழியாகும் என்றும் 1938இலேயே நேச்சரில் எழுதினார். முசோலினியின் இனச் சட்டங்களால் அதே வருடம் பதுவா பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்து அமெரிக்கா போன புரூனோ ரோஸி, 1941இல் டேவிட் ஹாலுடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். கொலராடோவில் மலைமேல் உள்ள எக்கோ லேக், கீழே உள்ள டென்வர் ஆகிய இரண்டு இடங்களிலும் எண்ணிப் பார்த்ததில் வேகமான மியூவான்கள் குறைவாகவே சிதைந்திருந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது 1963இல் டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் வெளியிட்ட சோதனை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மவுண்ட் வாஷிங்டன் என்ற மலை, உயரம் 1,917 மீட்டர். மேலே எண்ணிய இடத்துக்கும் கீழே கடல் மட்டத்தருகே எண்ணிய இடத்துக்கும் உயர வித்தியாசம் 1,907 மீட்டர். உச்சியில் இரண்டரை அடி கனத்துக்கு இரும்பை அடுக்கி, அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டியை வைத்தார்கள். மியூவான் உள்ளே வந்து நிற்கும்போது அந்தப் பிளாஸ்டிக் ஒருமுறை மின்னும். அது சிதையும்போது இன்னொரு முறை மின்னும். இரண்டு மின்னல்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று திரையில் தெரியும். இரும்பு எதற்கென்றால், குறிப்பிட்ட வேகத்தில் வருகிறவை மட்டும் பிளாஸ்டிக்கில் வந்து நிற்பதற்காக. மணிக்குச் சராசரியாக 563 மியூவான்கள் விழுந்தன. அவை ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்துக்கு நெருக்கமாக வந்தவை. அந்த வேகத்தில் மலையுச்சியிலிருந்து கடல் மட்டத்துக்கு வர 6.4 மைக்ரோ வினாடி ஆகும். பிளாஸ்டிக்கில் நின்றுவிட்ட மியூவான்கள் சிதைந்த கணக்கை வைத்துப் பார்த்தால் கீழே 27தான் மிஞ்ச வேண்டும். பிறகு கருவியைக் கடல் மட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் காற்று மியூவானின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதால் அதற்கேற்ப இரும்பையும் குறைத்துக்கொண்டு எண்ணினார்கள். மணிக்கு ஏறக்குறைய 408 வந்தன.

563இல் 408 பிழைக்க வேண்டுமானால் அவற்றுக்குக் கழிந்த நேரம் 0.7 மைக்ரோ வினாடி அளவுதான் இருக்க முடியும். மலைக்கு 6.4, மியூவானுக்கு 0.7. ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம்.

பெரும்பாலான புத்தகங்கள் ‘வேகமாகப் போனால் நேரம் மெதுவாகும்’ என்று சொல்லி இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இதில் திருப்தி இல்லை. ஏனென்றால் வேகம் என்பது ஒன்றைப் பொறுத்து இன்னொன்றுக்குச் சொல்வது. மியூவானின் பக்கத்திலிருந்து பார்த்தால் மியூவான் சும்மா இருக்கிறது. மலைதான் அதை நோக்கி ஏறக்குறைய ஒளி வேகத்தில் ஏறி வருகிறது. அப்படியானால் மலையின் கடிகாரம்தானே ஒன்பது மடங்கு மெதுவாக ஓட வேண்டும்? சார்பியலும் ஆமாம், அப்படித்தான் என்கிறது. அவன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று இவன் சொல்கிறான், இவன் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று அவன் சொல்கிறான். இரண்டும் சரி என்றால் கணக்கு எப்படி நேராகும்? தணிக்கையில் இரண்டு பேரேடுகள் ஒத்துப்போகாவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது. இதிலும் அதே நிலைதான்.

ஓடும் பொருளின் நீளம் ஓடும் திசையில் சுருங்கும் என்று சார்பியல் சொல்லும் விளக்கம் பாதி உதவுகிறது. மியூவானுக்கு மலை 1,907 மீட்டர் இல்லை, சுமார் 210 மீட்டர்தான். அதைக் கடக்க 0.7 மைக்ரோ வினாடி போதும். சரி. ஆனால் அந்த 0.7இல் மலையின் கடிகாரம் மெதுவாக ஓடி 0.08 மட்டும்தானே நகர்ந்திருக்க வேண்டும்? கீழே வந்து சேரும்போது தரையிலுள்ள கடிகாரம் 6.4 காட்டுகிறதே, மீதி 6.32 எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை தெரிந்த இரவை நான் மறக்க மாட்டேன். விடை இதுதான்: மலையுச்சியில் ஒரு கடிகாரம், அடிவாரத்தில் ஒரு கடிகாரம், இரண்டும் ஒத்து ஓடுகின்றன என்பது மலையின் பேச்சு. மியூவான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு கடிகாரங்களையும் எப்படி ஒத்து ஓட வைப்பது? இரண்டுக்கும் நடுவில் ஒரு விளக்கைப் பளிச்சிட வைத்து, ஒளி வந்து சேரும்போது இரண்டையும் ஓடவிடலாம். தூரம் சமம், எனவே இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும். இதையே மியூவானின் பக்கத்திலிருந்து பாருங்கள். மலை முழுவதும் மேல்நோக்கி ஓடுகிறது. அடிவாரக் கடிகாரம் ஒளியை எதிர்கொண்டு போகிறது, உச்சிக் கடிகாரம் ஒளியிடமிருந்து விலகிப் போகிறது. ஒளியின் வேகமோ எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே ஒளி அடிவாரக் கடிகாரத்தை முதலில் தொடும், அது முதலில் ஓடத் தொடங்கும். உச்சிக் கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அடிவாரக் கடிகாரம் எவ்வளவு காட்டிக்கொண்டிருக்கும்? கணக்குப் போட்டால் சரியாக அந்த 6.32 வந்து நிற்கிறது.

அதாவது மியூவான் உச்சியைக் கடக்கிற நேரத்தில் உச்சிக் கடிகாரம் பூஜ்யம் காட்டுகிறது. அடிவாரக் கடிகாரம் ‘இப்போது’ என்ன காட்டுகிறது என்று மலையைக் கேட்டால் பூஜ்யம் என்கிறது. மியூவானைக் கேட்டால் 6.32 என்கிறது. அதோடு 0.08 கூடினால் 6.4. பேரேடுகள் பைசா பிசகாமல் ஒத்துப்போகின்றன.

அன்றிலிருந்து ‘நேரம் மெதுவாகும்’ என்ற வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சார்பியல் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது வேகமாக ஓடுகிற நேரத்தையோ மெதுவாக ஓடுகிற நேரத்தையோ இல்லை. தூரத்தில் இருக்கும் ஓர் இடத்தில் ‘இப்போது’ என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு விடை இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் இதை முதலில் சொல்லிவிட்டுக் கடிகாரங்களுக்கு வரலாம். எல்லோரும் தலைகீழாகச் சொல்லித்தருகிறார்கள்.

‘அப்படியானால் எல்லாம் வெறும் பார்வைக் கோணம்தானா? உண்மையில் யாருக்கும் வயது குறைவதில்லையா?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இதற்கு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தில் மியூவான்களைச் சுற்ற விட்டார்கள். வளையத்தில் சுற்றுகிறவை கிளம்பிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் தூரத்து ‘இப்போது’ பற்றிய வாதத்துக்கே இடமில்லை. 1977இல் வந்த முடிவுப்படி அவற்றின் சராசரி ஆயுள் 64.4 மைக்ரோ வினாடி, நிற்கிற மியூவானைப் போல 29 மடங்கு. புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல சுமார் பத்தாயிரம் கோடி கோடி மடங்கு முடுக்கத்தில் அவை திரும்பிக்கொண்டிருந்தன. அந்த முடுக்கம் ஆயுளைத் தனியாக எதுவும் செய்யவில்லை. வேகம் சொன்ன கணக்கு மட்டுமே நின்றது. சுற்றி வந்தவருக்கு வயது உண்மையாகவே குறைவு.

இவ்வளவு எழுதியும் இதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும் நடக்கிற சங்கதி போலத் தோன்றலாம். அப்படி இல்லை. என் அம்மாவழித் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவரைப் போல ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து அங்கே போயின. கேஜில் இறங்கிப் போனால் கீழே போகப் போகப் பாறையே கொதிக்கும் என்று சொல்வார். அதே சுரங்கத்தில்தான், பாபா தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் 1950களின் தொடக்கத்திலிருந்து மியூவான்களை எண்ணினார்கள். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மிக ஆழத்தில் மேலிருந்து வரும் மியூவான் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. எனவே அங்கே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது பாறைக்குள் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் டாடா நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அதைப் பிடித்தது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர்கள் முதலில் கண்டது அங்கேயும், ஏறக்குறைய அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும்தான். தாத்தாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று கேட்டு வைக்காமல் போனது எனக்குப் பெரிய ஏக்கம்.

ஊட்டியில் அதே நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 இன்றும் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி அது. 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் அதன் மேலே கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் குறைத்ததால் வந்த குறைவு. அதிலிருந்து மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஒரு மேகத்தின் வோல்டேஜை மியூவானை வைத்து அளக்கலாம் என்று யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

சரி, இரண்டாவது கேள்வி. மலையுச்சியில் பிளாஸ்டிக் கட்டியில் வந்து நின்ற 563 மியூவான்களும் ஒரே நேரத்தில் சிதைவதில்லை. ஒன்று அரை மைக்ரோ வினாடியில் போய்விடும், இன்னொன்று ஏழு மைக்ரோ வினாடி இருக்கும். ஏன்?

முதலில் தோன்றுவது, ஏழு இருந்தது ஏதோ ஒரு வகையில் திடமானது என்பது. ஆனால் மியூவான்களுக்குள் திடமானது, நோஞ்சான் என்று வேறுபாடே இல்லை. குவாண்டம் கோட்பாட்டின்படி எல்லா மியூவான்களும் அச்சு அசலாக ஒன்றே. அதைவிட விசித்திரம், மியூவானுக்கு முதுமை கிடையாது. பிறந்து பத்து மைக்ரோ வினாடி ஆன மியூவானும் இந்தக் கணம் பிறந்த மியூவானும் அடுத்த ஒரு மைக்ரோ வினாடியைத் தாண்டுவதற்கான வாய்ப்பு துல்லியமாகச் சமம். மியூவானுக்கு ஆயுள் காப்பீடு விற்றால் எந்த வயதிலும் ஒரே பிரீமியம்தான் வாங்க முடியும். மனிதனும் இயந்திரமும் தேய்ந்து போவது உள்ளே பாகங்கள் இருப்பதால். மியூவானுக்கு நாம் அறிந்த அளவில் உள்பாகமே கிடையாது. எது தேயும்?

இன்னொரு பக்கம், சராசரியைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது அசாத்தியமான அளவு. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் நடந்த மியூலான் சோதனை, இரண்டு லட்சம் கோடி மியூவான் சிதைவுகளைப் பதிவு செய்து, சராசரி ஆயுளைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அளந்தது: 2.19698 மைக்ரோ வினாடி. கூட்டமாகச் சேர்ந்தால் இவ்வளவு ஒழுங்கு. ஆனால் கையில் ஒரே ஒரு மியூவானைக் கொடுத்து, இது எப்போது போகும் என்று கேட்டால், உலகத்தில் எந்த இயற்பியலாளராலும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கருவி போதாததால் வந்த இயலாமை இல்லை இது. சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் குவாண்டம் கோட்பாட்டின் வழக்கமான நிலைப்பாடு.

உள்ளே நமக்குத் தெரியாத ஒரு கடிகாரம் ஒளிந்திருக்கலாம் என்று நம்ப எனக்கு ஆசைதான். அந்த ஆசைக்கு ஒரு எல்லை இருக்கிறது என்று 1964இல் ஜான் பெல் காட்டினார். அவருடைய வாதம் மியூவான் சிதைவைப் பற்றியது இல்லை, பிணைந்த துகள் இணைகளைப் பற்றியது, அதாவது தூர விலகிப் போன பிறகும் ஒன்றில் அளந்தது மற்றதில் அளந்ததோடு ஒத்துப்போகும் ஜோடித் துகள்களைப் பற்றியது. இரண்டு துகள்களும் தத்தம் விடைகளைத் தமக்குள்ளேயே சுமந்துகொண்டு போகின்றன, தூரத்தில் நடப்பது அவற்றை உடனே பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், அளவீடுகளுக்கு இடையிலான ஒற்றுமை ஓர் அளவைத் தாண்டக் கூடாது. சோதனைகளில் தாண்டுகிறது. ஜான் கிளாசர், அலென் ஆஸ்பே, ஆன்டன் ட்ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். ஒளிந்திருக்கும் கடிகாரம் அடியோடு முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. டேவிட் போமின் 1952ஆம் வருடக் கோட்பாட்டில் எல்லாமே முன்கூட்டியே தீர்மானமானதுதான். ஆனால் அதற்கு விலையாக, தூரத்தில் இருப்பவை ஒன்றையொன்று உடனுக்குடன் தொடுவதை அது ஏற்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்திருந்தவரை எனக்கு நிம்மதி இருந்தது. ஒரே மியூவான் சோதனைக்குள் இரண்டையும் வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அடிவாரத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டி. அதற்குள் ஒரு மியூவான் வந்து நிற்கிறது, அடிவாரக் கடிகாரம் பூஜ்யம் காட்டுகிறது. மலையுச்சியில் ஒருவர் நிற்கிறார், அவர் கடிகாரமும் பூஜ்யம். அதே நொடியில் இன்னொரு மியூவான் அவர் தோளை உரசிக்கொண்டு கீழே பாய்கிறது. அடிவார மியூவான் எப்போது சிதையும்? உச்சியில் நிற்பவரைக் கேட்டால், அது எதிர்காலம், இன்னும் தீர்மானமாகவில்லை என்பார். பாயும் மியூவானைக் கேட்டால், அடிவாரத்தில் ‘இப்போது’ 6.32 ஆகிவிட்டது, அது சிதைந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் முடிந்துபோன சங்கதி. இருவரும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் இருக்கிறார்கள். ஒருவருக்கு அது நடக்காதது, இன்னொருவருக்கு நடந்தது. சார்பியலை நம்பினால் எதிர்காலம் ஏற்கனவே விரித்து வைக்கப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது. குவாண்டத்தை நம்பினால் அந்தச் சிதைவு நிகழும்வரை அதைப் பற்றிய உண்மை என்று ஒன்றே இல்லை. எது சரி?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். ரீட்டைக் என்பவர் 1966இலும் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் 1967இலும் சார்பியலின் இந்தக் குணத்தை வைத்து, எதிர்காலமும் நிகழ்காலம் அளவுக்கே உண்மையானது என்று வாதிட்டார்கள். 1968இல் ஹோவர்ட் ஸ்டைன் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் மறுத்தார். அவருடைய வாதத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொன்னால்: தூரத்து ‘இப்போது’ என்பது நாம் வசதிக்காக வரையும் கோடு. உச்சியில் இருக்கும் இருவரையும் அடிவாரத்துச் செய்தி வந்து சேர ஒளிக்கே 6.36 மைக்ரோ வினாடி வேண்டும். அதற்கு முன் அந்தச் சிதைவு இருவரையும் எந்த விதத்திலும் தொடவில்லை. ஓர் இடத்துக்கு ‘முடிந்துபோனது’ என்று சொல்லத் தகுதியுள்ளது, அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேரக்கூடிய நிகழ்வு மட்டுமே. அதில் உச்சியில் நிற்பவருக்கும் பாயும் மியூவானுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மீதியை நடந்தது என்றோ நடக்காதது என்றோ சொல்லவே கூடாது.

நான் ஸ்டைன் பக்கம். ஒற்றை மியூவானைப் பொறுத்தவரை அவர் பதில் போதும் என்றே நினைக்கிறேன். சிதைவது அந்த இடத்தில் நடக்கிற ஒன்று, தற்செயல் உண்மையானது, அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் பரவுகிறது, அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் பிணைந்த இணைகளுக்கு இது போதுமா? அங்கே இரண்டு தூரத்து இடங்களில் இரண்டு தற்செயல்கள் நடக்கின்றன, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஒன்று முதலில் தீர்மானமாகி மற்றதைத் தீர்மானிக்கிறது என்று சொல்ல வாய் வருகிறது. எது முதலில்? ஜெனீவா பல்கலைக்கழகத்தில் நிக்கோலா கிஸானும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். படிகத்துக்குள் ஓடும் ஒலி அலைகளையே ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிகளாகப் பயன்படுத்தி, இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று விலகி ஓடும்படி செய்தார்கள். ஒவ்வொரு கருவியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தானே முதலில் அளந்தது என்று ஆகும். முதலாவது, இரண்டாவது என்ற வரிசைதான் ஒற்றுமையை உண்டாக்குகிறது என்றால் அது இப்போது காணாமல் போக வேண்டும். போகவில்லை. அப்படியே இருந்தது.

ஸ்டைனின் பதில் நிகழ்வுகளை அந்தந்த இடத்தில் வைத்துப் பேசுகிறது. இந்த ஒற்றுமையோ எந்த ஒரு இடத்திலும் இல்லை, எந்த முன்பின் வரிசையிலும் இல்லை. அதை எங்கே வைப்பது? முன்பின் இல்லாத ஒரு தற்செயல் என்றால் என்ன? இதை இயற்பியல் படித்த சிலரிடம் கேட்டேன். ‘கணக்கு சரியாக வருகிறது, அது போதும்’ என்றார்கள். கணக்கு சரியாக வருவதோடு என் தொழில் முடிந்துவிடலாம், இயற்பியல் முடியக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. பெல்லின் 1964ஆம் வருடக் கட்டுரை மொத்தம் ஆறு பக்கம்தான். கணிதமும் பயந்ததுபோல் இல்லை. இப்போது அதை வரி வரியாகக் கையால் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ‘தூரத்தில் நடப்பது உடனே பாதிக்காது’ என்று அவர் எடுத்துக்கொள்ளும் வரியில் எந்த இடத்தில் நேரம் நுழைகிறது என்று கண்டுபிடிப்பதற்காக.